வாத்தியாரின் வலது கால்

மார்ச் 4, செவ்வாய்

மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினால் "வீட்ல யாரும் இல்ல" என்று உள்ளேயிருந்தே குரல் வருகிறது. யாரும் இல்லையென்றால் பேசியது யார்?

வீடு வீடாகப் போய் ஜெபிக்கும் ஊழியத்துக்கு வந்து ஏழு மாதம். ஏசி மெக்கானிக்காக இருந்தபோது கோடையில் என்னைக் கண்டால் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். கையில் வேதத்தோடு போனால் மூஞ்சியிலேயே சாத்துகிறார்கள்.

எங்கள் சபையில் இருவர் இருவராகத்தான் போகவேண்டும். என் கூட்டாளி பாட்டெடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் பெயர் தொண்டை. எத்தனை கதவு சாத்தினாலும் சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தட்டுகிறான். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

மார்ச் 6, வியாழன்

ஒரு கதவு திறந்தது!

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். நுரையீரல் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம், மூக்கில் குழாய். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"வாங்க, வாங்க. மேல போறவங்களுக்கு வழி சொல்ற ஆளுங்கதானே?"

"ஆமா சார்" என்றான் தொண்டை.

"வழி தெரியும்ப்பா. லைசென்ஸ்தான் இன்னும் வரல."

சன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு டிரைவிங் ஸ்கூல் பலகை. அவருடைய தம்பியுடையது. சேர்ந்து நடத்திச் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். எட்டு வருடமாகப் பேச்சில்லை. நடுவில் ஒரே ஒரு தெரு. தம்பியின் வண்டி போகும் சத்தம் கேட்டால், "கிளட்ச்ச மிதிச்சே கொல்றான் பாரு" என்று படுத்தபடியே திட்டுகிறார்.

வாசலில் அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "நேத்துதான்ப்பா, 'என் தம்பியக் கூப்பிடு'ன்னு வாயத் திறந்து சொன்னாரு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லப் போறேன்." அந்த அக்கா முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

மார்ச் 8, சனி

ஜெபிப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் "என்ன கேட்கட்டும்?" என்று கேட்டு, அதை மட்டும் கேட்பது எங்கள் வழக்கம். இன்று என் முறை. நான் கேட்கவில்லை. நுரையீரல் கெட்டவருக்கு நுரையீரலைத்தானே கேட்பார்கள், இதற்கு என்ன விசாரணை?

இயந்திரத்தின் வடிகட்டியில் தூசி அப்பியிருந்தது. தட்டித் துடைத்து மாட்டினேன். பிறகு அவரைக் குணமாக்கி எழுப்பும்படி சத்தமாக ஜெபித்தேன். கண் திறந்தால், அவர் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியில் எண் ஏறியிருக்கிறது! அக்கா அழுதேவிட்டார்.

"நான் எழுந்துருவேனா தம்பி?"

"கண்டிப்பா எழுந்துருவீங்க."

தொண்டை என் காலை மிதித்தான்.

வடிகட்டியாலும் இருக்கலாம். இருக்கலாம் என்ன, அதுதான். ஆனால் ஆண்டவர் வடிகட்டி மூலமாகச் செய்யக்கூடாதா? ஏழு மாதத்தில் எனக்கென்று ஒரு அற்புதம்கூடவா—

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வரவில்லை. வாத்தியார் கூப்பிட வேண்டாம் என்றுவிட்டார்.

"படுத்த கோலத்துல அவன் என்னைப் பாக்கணுமா? அதான் எழுந்துக்கப் போறேனே. நானே நடந்து போய் அவன் மேசை முன்னாடி நிக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

எண் இறங்கிக்கொண்டே போகிறது. வடிகட்டி சுத்தம். குழாயில் கசிவில்லை. எல்லா இணைப்பையும் பார்த்தாயிற்று. இயந்திரத்தில் கோளாறே இல்லை. பழுது பார்க்க ஒன்றும் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறேன்.

"என்னப்பா, உங்க ஆண்டவர் சிக்னல்ல மாட்டிக்கிட்டாரா?" கிண்டல்தான். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தார்.

தொண்டை மாடிப்படியில் சொன்னான்: "நீ சொன்னத நீதான் போய் திரும்ப வாங்கணும்."

"ஆண்டவரை நம்பாதீங்கன்னு சொல்லச் சொல்றியா?"

"அவர் சொல்லாதத அவர் பேர்ல சொல்லிட்டேன்னு சொல்லு."

முழங்காலில் வெகுநேரம் இருந்தேன். செத்துப்போன ஏசிகூட என்ன கோளாறு என்று ஒரு எரர் கோடு காட்டும். நீர் ஒரு எழுத்தாவது காட்டக்கூடாதா?

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன். "நீங்க எழுந்துருவீங்கன்னு எனக்குத் தெரியாது சார். அன்னிக்கு எண் ஏறினது வடிகட்டியால. தம்பியைக் கூப்பிடுங்க."

அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "வண்டிய விட்டு எறங்குடா."

மார்ச் 14, வெள்ளி

கதவு திறக்கவில்லை.

மார்ச் 15, சனி

திறக்கவில்லை. எதிரே தம்பி ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். தெருவைத் தாண்டி நானே சொல்லிவிட்டால் என்ன? கால் எடுத்தேன்.

"யாரு கேட்டா உன்னை?" என்றான் தொண்டை.

நின்றேன். இந்தப் பக்கம் சாத்திய கதவு, அந்தப் பக்கம் திறந்த கடை, நடுவில் நான் ஒரு மின்கம்பம் மாதிரி. என்ன செய்ய? எதுதான் செய்ய?

மார்ச் 17, திங்கள்

அக்கா ஆள் அனுப்பினார். காலையில் வாத்தியார் "கூப்பிடு" என்றாராம். தம்பி வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் நினைவு போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால் இருவரும் பேசியிருப்பார்கள். நான்தான். நானேதான்.

போர்வைக்குள் வாத்தியாரின் வலது கால் அழுந்துவதும் தளர்வதுமாக இருந்தது. "நினைவு போனதுலேந்து இப்படித்தான், வலியான்னும் தெரியல" என்றார் அக்கா. நான் போர்வையை விலக்கிப் பார்த்தேன், என்னவோ எனக்குப் புரியப்போவது போல.

தம்பிதான் சொன்னார்: "வலியில்ல அண்ணி. பிரேக் போடறாரு."

கற்றுக்கொடுக்கும் வண்டியில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவர் கனவில் யாரோ புதிதாக ஓட்டுகிறார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

தம்பி கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "அண்ணா, நான்தான் ஓட்டறேன். கிளட்ச்லேந்து கால எடுத்துட்டேன். நீயும் கால எடு."

இன்னொரு முறை அழுந்தியது. பிறகு இல்லை.

"ஜெபம் பண்ணு தம்பி" என்றார் அக்கா.

"என்ன கேட்கட்டும்கா?"

யோசித்தார். "ஒண்ணும் கேக்க வேணாம். ஆண்டவர ஒருதரம் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

அதை மட்டும் சொன்னேன். வந்தாரா என்று தெரியாது. ஆனால் அந்த அறையில் யாரும் எழுந்து போக நினைக்கவில்லை, நான்கூட.

மார்ச் 18, செவ்வாய்

விடிவதற்கு முன் வாத்தியார் போய்விட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று ஒரு கதவு பாதி திறந்தது. சங்கிலியை எடுக்காமலே ஒரு பெண் கேட்டார்: "எங்க வீட்டுக்காரர் ஆறு மாசமா வாயே திறக்கறதில்ல. நீங்க ஜெபிச்சா பேசிடுவாரா?"

"தெரியாதுங்க" என்றேன்.

தொண்டை என் காலை மிதிக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான் என்று படியிறங்கத் திரும்பினோம்.

உள்ளே சங்கிலி கழன்றது.