வண்டி யாருது என்று கேட்ட அன்று

நைனா,

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை உன் ரூமில் இருப்பவர்கள் யாருக்கும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு, போனில் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கேட்காதே. மெசேஜ் போட்டால் அம்மா போன்தானே, பார்த்துவிடுவார், அதனால்தான் கடிதம். குவைத் வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் போதும், நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மற்றது எதுவும் நன்றாக இல்லை.

நம் இஸ்திரி வண்டியைத் திங்கட்கிழமைக்குள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் கார்ப்பரேஷன்காரர்கள். ஆழ்வார்பேட்டையில் அதே மரத்தடியில் நான் பிறப்பதற்கு முன்பிருந்து நிற்கிற வண்டி. இனிமேல் நடைபாதையில் தொழில் செய்ய அட்டை வேண்டுமாம், கணக்கெடுக்க வந்த அன்று வண்டியில் யார் இருந்தார்களோ அவர்களைப் படம் பிடித்துப் பெயர் எழுதிக்கொண்டு போனார்கள், பட்டியலில் நம் வண்டிக்கு நேராக உரிமையாளர் இல்லை என்று இருக்கிறது. அதே நடைபாதையை அடைத்து நிற்கிற கார்களிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. பக்கத்தில் செருப்புத் தைக்கிற வலியுல்லா பாய்தான் இடத்தைப் பிடிக்கத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று அம்மா நினைக்கிறார். “பத்து வருசமா என் கையால டீ வாங்கிக் குடிச்சிக்கினு இந்த வேலதான் பாத்தியா பாய்” என்று தெருவே பார்க்கக் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லலம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார்.

சொன்னது நான்தான் நைனா. அன்று அம்மா துணி கொடுக்க மாடிக்குப் போயிருந்தார், நான் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். என் வகுப்பு ஸ்நேஹா துணி மூட்டையோடு வந்து, “கீர்த்தி, நீ இங்க இன்னா பண்றே” என்றாள். அவள் வீடு அந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. அதே நேரம் கணக்கெடுக்கிறவர் வந்து, “பாப்பா, வண்டி யாருது, உங்களுதா” என்று கேட்டார். யாருதுன்னு தெரியாது சார், சும்மா நிழலுக்கு நிக்கிறேன் என்றேன். கரிக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பாய் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். மறுநாள் ஸ்நேஹா வகுப்பில் எல்லோருக்கும் முன்னால், நிழலுக்கு நின்னா கை கறுக்குமா என்று கேட்டாள். அவளுக்கும் தெரிந்துதான் போயிற்று, வண்டியும் போயிற்று.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கையெழுத்தோடு மனு கொடுத்தால் பெயரைச் சேர்ப்பார்களாம். அம்மா பாய் இருக்கிற பக்கம் திரும்புவதே இல்லை. நான் உண்மையைச் சொன்னால்தான் போய்க் கேட்பார், எனக்கு வாய் வரவில்லை, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் திங்கட்கிழமையும் போய்விடும், அது தெரிந்தும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். “ஹம்சாம்மா, தூங்கிட்டியா, ஒரு விசயம் சொல்லணும்.” பாய் குரல்தான், அம்மாவைக் கூப்பிடுகிறார். அம்மா எழுந்து விளக்கைப் போடுகிறார்.