எர்லிந்தா மாற்றிய கட்டு

ஹாரோ, இலோயிலோ
டிசம்பர் 18

அன்புத் தங்கை எர்லிந்தாவுக்கு,

நலமா? போன மாதம் வைத்த செயற்கை மூட்டில் சீழ் பிடித்து, அதை எடுத்துவிட்டார்கள். இப்போது முழங்காலுக்குள் மருந்து கலந்த சிமென்ட் இருக்கிறது. ஆறு வாரம் ஊசி. நீயோ சொல்லாமல் கொள்ளாமல் பாகோலோடுக்குப் போய்விட்டாய். வீட்டில் நீ கட்டு மாற்றியதைப் பற்றி டாக்டர் கேட்டார், சொன்னேன். அதற்காகக் கோபித்துக்கொள்வதா?

உன் பிரியமுள்ள அக்கா,
பெர்பெத்துவா

பாகோலோட்
ஜனவரி 4

அக்கா,

கோபமில்லை, வெட்கம். "சொந்த அக்கா புண்ணையே சுத்தமா கட்டத் தெரியல, நீயெல்லாம் என்ன நர்ஸு?" என்று, உனக்கு ஆபரேஷன் நடந்த எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, தலைமை நர்ஸ் வார்டில் எல்லார் முன்னாலும் கேட்டார். பத்தொன்பது வருட வேலையை அன்றே ராஜினாமா செய்துவிட்டேன். இங்கே துணிக்கடையில் நிற்கிறேன். அன்று கை கழுவினேனா என்று தினமும் யோசிக்கிறேன். கழுவியதாகத்தான் ஞாபகம். ஆனாலும் உன் கால் கெட்டுவிட்டதே. மன்னித்துவிடு.

எர்லிந்தா

ஹாரோ
ஜனவரி 20

எர்லிந்தா,

நீ மன்னிப்புக் கேட்டதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால், கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்து, "புண்ணாம்மா?" என்று கேட்டார்கள். "செருப்புக் கடி, ஆறிடுச்சு" என்றேன். உள்ளே சீழ் இருந்தது. சர்க்கரையால் ஏற்கெனவே இரண்டு முறை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார்கள். இன்னொரு முறை தள்ளினால் பிப்ரவரித் திருவிழாவில் மாதா தேருக்குப் பின்னால் நடக்க முடியாதே என்று மறைத்தேன்.

இரண்டாம் ஆபரேஷனின்போது டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். "இது எத்தனை நாளா இருக்கு?" என்றார். "நேத்துதான்" என்றேன். பிறகு, அவர் கேட்காமலே, "தங்கச்சிதான் வீட்ல கட்டு மாத்தினா" என்றேன்.

டாக்டர் கேட்டார் என்று உனக்கு முதலில் எழுதியதும் பொய்.

அக்கா

பாகோலோட்
பிப்ரவரி 1

அக்கா,

முதலில் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? என்னைக் கேவலமாகப் பேசிய இடத்தில் போய்ச் சொல்.

எர்லிந்தா

ஹாரோ
பிப்ரவரி 9

எர்லிந்தா,

இன்று வாக்கரைத் தள்ளிக்கொண்டு உன் வார்டுக்குப் போனேன். டாக்டரும் தலைமை நர்ஸும் இருந்தார்கள். நோயாளிகளும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தச் சீழ்தான் மூட்டுக்கும் போயிருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா புண்ணை ஆத்திட்டு ஆபரேஷன் செஞ்சிருப்பேனே" என்றார் டாக்டர். தலைமை நர்ஸ், "அவளை நான் என்னவெல்லாம் சொல்லிட்டேன்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். உன் விலாசத்தை வாங்கிக்கொண்டார். அவரே எழுதுவார்.

யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் நாற்காலி கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பி வா. என் வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பெர்பெத்துவா