வரைபடத்தில் இல்லாத முப்பத்தேழு வீடுகள்

டோர்டோலா, அரிசோனா
மே 6

அன்புள்ள மகன் ஃபெர்மினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காவில் நீயும் கை கால் விறைக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். மீன் தொழிற்சாலையில் கையுறை நனைந்தால் உடனே மாற்றுகிறாயா, இல்லை ஷிப்ட் முடியும்வரை அதோடேயே நிற்கிறாயா? நீ அனுப்பிய விரல்களின் படத்தை அப்பா அன்றைக்கு முழுதும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, பருத்தி அரவை ஆலையில் இது இயந்திரங்களைப் பிரித்து மாட்டும் காலம், குனிந்தால் நிமிர முடியவில்லை என்கிறார், மருத்துவரிடம் போகச் சொன்னால் மட்டும் நன்றாக நிமிர்ந்துவிடுகிறார். உன் தங்கை நொயெமி வண்டி ஓட்டும் தேர்வில் இரண்டாம் தடவையும் தோற்றுவிட்டாள், பின்னால் எடுக்கும்போது தேர்வு அதிகாரியின் சொந்தக் காரையே இடித்திருக்கிறாள், அதை என்னிடம் சொல்லும்போது சிரிப்பு வேறு. வெயில் இந்த வருஷம் ஏப்ரலிலேயே நூறைத் தாண்டிவிட்டது.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டாயே, "யாரும் சாகலியேம்மா, அப்புறம் ஏன் போய் வாயக் குடுத்து வேலையக் கெடுத்துக்கிட்ட?" என்று. உன் பின்னால் இயந்திரச் சத்தம், அதில் கத்திச் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

ஆறு குளிர்காலமாக நான் நம் பாதுகாக்கப்பட்ட பாலைநிலத்தில் துப்புரவுக் குழுவில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் வந்து பொழுதுபோக்காகத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போவார்கள், திங்கட்கிழமை நாங்கள் போய் வாருவோம். காலித் தோட்டாக்கள் வாளி வாளியாக, குறி வைக்கக் கொண்டுவந்து போட்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பெட்டி, ஒரு தடவை ஒரு பியானோ. இருநூறு வருஷம் நின்ற சகுவாரோ கள்ளியை இடுப்பிலேயே சுட்டுச் சுட்டு விழவைத்துவிட்டு அதன்மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நாமும் சுடுகிற குடும்பம்தான், ஆனால் கள்ளியைச் சுட்டவர்கள் இல்லை, குப்பையைப் போட்டவர்களும் இல்லை, அந்தத் திமிர் எனக்கு எப்போதும் இருந்தது. அதனால் சுடும் இடங்களை ஒழுங்கு செய்யப் போகிறோம், சிலவற்றை மூடிவிட்டுச் சிலவற்றை மட்டும் அனுமதிக்கப் போகிறோம் என்று நிலத்தை நிர்வகிக்கும் எங்கள் அலுவலகம் சொன்னபோது நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் அது எப்படித் தொடங்கியது என்று கேள். கள்ளி விழுந்ததற்காக இல்லை. கோல்டன் மேசா குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்கள் கட்டிக் குடிவந்திருக்கும் வீடுகளுக்குச் சத்தம் கேட்கிறதாம், காலையில் காபி குடிக்க முடியவில்லையாம், இருநூற்றுப் பதினோரு புகார் எழுத்தில் வந்தது. உடனே அவர்கள் பக்கம் இருந்த இரண்டு இடங்களையும் மூடினார்கள். மூடினால் சுடுகிறவன் துப்பாக்கியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்வானா? வேறு இடம் காட்டவேண்டும். அப்படிப் பார்க்கப்பட்ட நான்கு இடங்களில் மூன்றாவது நம் இடம், வெள்ளை மேடு, உனக்குப் பன்னிரண்டு வயதில் நான் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அதே இடம்.

அந்த இடத்துக்கான படிவத்தை நிரப்பியது நான். எங்கள் மேலதிகாரி வீட்லி, "உனக்குத்தான் அந்தப் பக்கம் தண்ணி பட்ட பாடு, நீயே போயிட்டு வா டினா" என்று கொடுத்தார். கள்ளி எத்தனை, ஆமை வளை உண்டா, குண்டைத் தாங்கும் மேடு எவ்வளவு உயரம், இப்படி முப்பது கேள்வி. பதினெட்டாவது கேள்வி, அரை மைலுக்குள் குடியிருக்கும் வீடுகள் எத்தனை என்பது. வரைபடத்தைப் பார்த்து எழுதவேண்டும் என்பது விதி. வரைபடத்தில் ஒன்றுமில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் முலாம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் டிரெய்லர்கள் நிற்கின்றன அல்லவா, அவை வீடு என்ற கணக்கில் வராது, சக்கரம் இருப்பதால் வண்டி. டயரெல்லாம் கழற்றிச் செங்கல்லின்மேல் நிற்கிற வண்டி, வாசலில் ரோஜா வைத்த வண்டி, பதினைந்து வருஷமாக ஓரடி நகராத வண்டி. அங்கே நான் ஞானஸ்நான விருந்துக்குப் போயிருக்கிறேன், தட்டு தட்டாகச் சாப்பிட்டிருக்கிறேன். தெரிந்தே பூஜ்யம் என்று எழுதினேன். விதி என்று இப்போது உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம், பாதிதான் உண்மை. அந்த இடத்தையும் மூடிவிட்டால் அப்பாவுக்கும் அவர் சிநேகிதன் கில் ஆர்விசுவுக்கும் மற்றவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போய்விடும், அதுதான் மீதிப் பாதி. குண்டு மேட்டில்தானே போய்ப் புதைகிறது, யாருக்கு என்ன என்று நினைத்தேன்.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. நிக்கோலாசா என்று ஒருத்தி, தோட்டத்தில் பழம் தரம் பிரிக்கிறவள், கோவிலில் என் பின்வரிசையில் உட்கார்வாள், நீ பார்த்திருக்கமாட்டாய். திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் என் டிரக்கை நிறுத்தினாள். கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள், உள்ளே நசுங்கிய குண்டு. முந்தின நாள் அவர்கள் பூசைக்குப் போயிருந்தபோது சமையலறைச் சுவரைத் துளைத்து, நாட்காட்டியைத் துளைத்து, துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய் நின்றிருக்கிறது. மற்ற ஞாயிறுகளில் அந்த நேரத்துக்குத் திரும்பி வந்து அங்கே நின்று ரொட்டி தட்டுவாளாம். காவல் நிலையத்துக்குப் போகலாம் வா என்றேன். "எதுக்குக்கா? குண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறதுக்கு முன்னாடி நான் எங்கேர்ந்து வந்தேன்னு கேப்பான்" என்றாள், இந்த நாட்டில் தங்க அவளிடம் காகிதம் இல்லை. பிறகு என் சட்டையில் இருந்த அலுவலகச் சின்னத்தைத் தொட்டு, இதைப் போட்டுக்கொண்டு போகிறவள் நீதானே, அதனால் உன்னிடம் கொடுக்கிறேன் என்றாள். அவ்வளவுதான் அவள் கொடுத்த புகார். எழுத்தில் ஒன்றுமில்லை. காபி குடிக்க முடியாததற்கு இருநூற்றுப் பதினோரு தாள், சுவரைத் துளைத்த குண்டுக்கு ஒரு கைக்குட்டை.

அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை, மேட்டைத் தாண்டி வராது, யாரோ குடிகாரன் வேறெங்கிருந்தோ சுட்டிருப்பான் என்றார். சரி பார்த்துவிடுவோம் என்று இருவரும் போனோம். சுடும் இடத்தில் அவர் ஒரு கம்பில் ஆரஞ்சுச் சட்டையைக் கட்டித் தூக்கிப் பிடித்தார், நான் நிக்கோலாசாவின் சமையலறையில் துளைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெரியவில்லை, நடுவில் மேடு மறைத்தது. "பாத்தியா, நேரா வர வழியே இல்ல" என்று தொலைபேசியில் அவருக்கு ஒரே ஆனந்தம். எனக்கும்தான், ஏன் பொய் சொல்லவேண்டும். மேட்டின் மேலேயே நடந்து திரும்பினேன். அங்கே மண் சுண்ணாம்புபோல இறுகிப் பாறையாகக் கிடக்கிறது, அதனால்தானே வெள்ளை மேடு என்று பேர். அந்தப் பாறைமேல் நகத்தால் கீறியதுபோல நீளக் கோடுகள். குண்டு புதையவில்லை மகனே, சறுக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறது, தண்ணீரில் சில்லுக் கல் எறிந்தால் தத்திக்கொண்டு போகுமே அப்படி. தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. டிரக்கில் வாங்கி வைத்திருந்த சோளமாவு மூட்டையை எடுத்துவந்து பிரித்து ஒவ்வொரு கோட்டிலும் மாவைத் தூவிக் கையால் வழித்தேன். பதினோரு கோடு. தள்ளி நின்று பார்த்தால் பதினொன்றும் டிரெய்லர்கள் இருக்கும் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தன. அப்பா மெதுவாக ஏறி வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எத்தன என்னோடது?" என்றார். உன்னுடையதும் இருக்கலாம், என்னுடையதும் இருக்கலாம். தூரத்து மண்ணைப் பார்த்துச் சுடு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அந்த மண் எப்படிப்பட்ட மண் என்று நான் ஒருநாளும் குனிந்து தொட்டுப் பார்த்ததில்லை.

கோடுகளைப் படம் எடுத்து, அதையும் குண்டையும் வீட்லியிடம் கொண்டுபோனேன். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் தன் நாற்காலிக்காகப் பயந்தவர். எழுத்தில் புகார் வராத வரைக்கும் அது சம்பவமே இல்லை என்றார், இடத்துக்கு முதலில் அனுமதி வரட்டும், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றார், நிரந்தர வேலைப் பட்டியல் மேலே போகிற நேரம், உன் பேர் இரண்டாவது இருக்கிறது, யோசித்துக்கொள் என்றார். யோசித்தேன். நாலு நாள் யோசித்தேன், உன்னிடம் மறைக்கவில்லை, மூன்றாம் நாள் பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நிக்கோலாசா என் பின்னால் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரையும்போலக் கை கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துவிட்டு வந்து எப்படிச் சும்மா இருப்பது.

சுடும் இடங்களைப் பற்றிய பொதுமக்கள் கூட்டம் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை, பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில். ஆளுக்கு இரண்டு நிமிஷம். கோல்டன் மேசாவிலிருந்து நாற்பது பேர், ஒரு அம்மாள் தன் நாய் வெடிச்சத்தத்தில் நடுங்குவதை அழுதுகொண்டே சொன்னாள், கூடமே தலையாட்டியது. டிரெய்லர்களிலிருந்து ஒருவரும் இல்லை, எப்படி வருவார்கள், வாசலில் இரண்டு காவலர்கள் நின்று பேர் எழுதச் சொன்னார்கள். என் முறை வந்தது. அலுவலகச் சட்டையோடுதான் போயிருந்தேன். "பதினெட்டாங் கேள்விக்குப் பூஜ்யம்னு எழுதினது நான்தான். அங்க முப்பத்தேழு வீடு இருக்கு. எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். பதினோரு கோட்டின் படத்தைக் காட்டினேன். ஒருவரும் தலையாட்டவில்லை. வீட்லி பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் கில், நம் வீட்டில் எத்தனை ஞாயிறு சாப்பிட்டவன், "இனிமே நீ ஈஸ்டருக்குக் கொழந்தைங்களோட சேர்ந்து முட்டைய மட்டும் உருட்டு டினா, துப்பாக்கிய எங்ககிட்ட குடுத்துடு" என்றான், மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அவர்களிடம் திரும்பிப் போனார். என்ன பேசினார் என்று இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை.

வெள்ளை மேட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மூடவில்லை, மறுபடி வீடுகளை எண்ணும்வரை மட்டும். பட்டியலில் என் பேர் போய்விட்டது, இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு வேலை முடிகிறது. போகிற போக்கில் எண்ணுகிற வேலையையும் என் தலையில்தான் கட்டினார்கள். புதுப் படிவம். வண்டியை வீடு என்று ஏற்றுக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், குடும்பத் தலைவர் பேர், கையெழுத்து வேண்டுமாம். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். முதல் கதவு நிக்கோலாசாவுடையது. அவளே பேர் தரமாட்டேன் என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது, உனக்காகத்தானே இவ்வளவும் என்று வாய்வரை வந்தது, நல்லவேளை சொல்லவில்லை. அவள் சுவரில் தகரம் வைத்து அடைத்திருந்த துளையைப் பார்த்துக்கொண்டே, "குண்டு ஞாயித்துக்கிழமை மட்டும்தாங்க்கா வருது. பேர் எழுதிக் குடுத்தா அவங்க எந்தக் கிழமையும் வருவாங்க" என்றாள். முப்பத்தேழில் நாலு பேர்தான் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள், காகிதம் சரியாக இருக்கும் நாலு பேர். அவர்களிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் எழுதினால் அங்கே நாலு வீடுதான் என்று ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுத்தேன். வீடுகள் முப்பத்தேழு என்று எழுதி, பேர் இருக்கவேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு இழுத்து, அடியில் என் கையெழுத்தைப் போட்டிருந்தேன். வீட்லி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பேரே இல்லாம இது செல்லாதே டினா" என்றார். "போன தடவ வீடே இல்லாம செல்லுச்சே சார்" என்றேன். அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார். இன்றுவரை பதில் இல்லை. திருப்பி அனுப்பினால் மறுபடியும் அதையேதான் எழுதிக் கொடுப்பேன், முப்பத்தொன்றாம் தேதிவரை எனக்கு நேரம் இருக்கிறது.

இவ்வளவுதான் மகனே நீ கேட்டதற்குப் பதில். கன்னி மரியாள் உன்னைக் கடல் காற்றிலிருந்தும் கெட்ட சகவாசத்திலிருந்தும் காப்பாற்றட்டும், என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். மருத்துவரிடம் பல்லைக் காட்டப் போகிறேன் என்று நீ சொல்லி மூன்று மாதம் ஆகிறது, இந்த வாரம் கட்டாயம் போ. நொயெமிக்கு ஒரு வரி எழுது, கேலி செய்யாமல் எழுது.

உன் அன்புள்ள அம்மா,
எர்னஸ்டினா கிஹுய்ஸ்