அமுக்கு

2003 ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலேயே வெயில். கடை லீவு. முத்துப்பாண்டியின் சைக்கிளைக் கூடத்தில் பிரித்துப் போட்டதில் தரையெல்லாம் கிரீஸ். அம்மா எங்கள் பாஷையில் திட்டினாள். முத்துவுக்கு சௌராஷ்டிரம் தெரியாது, ஆனால் சரியாகப் புரிந்துகொண்டு துணி எடுத்துத் துடைத்தான்.

பரவை மார்க்கெட்டில் அவன் மூடை இறக்கிக்கொண்டிருந்தபோது தக்காளி வண்டி சைக்கிள் மேல் சாய்ந்துவிட்டது. பின் டெரலர் நசுங்கிப் போச்சு (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிற சாமான்). மதுரையில் எங்கும் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அத்தான் எனக்கென்று கொண்டுவந்தது பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதையே மாட்டினேன். உசத்தி சாமான், என்ன பளபளப்பு. "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாக்குறியே மாப்ள" என்றான் முத்து.

தெருமுனை வரை ஓட்டிப்போய் வந்தவன் முகம் சரியில்லை. "இது தலைகீழா வேலை செய்யுது மாப்ள."

நான்தான் தப்பாக மாட்டிவிட்டேன் என்று கழற்றி மறுபடி மாட்டினேன். அதே கதை. பெட்டியில் இருந்த தாளைப் படித்த பிறகுதான் தெரிந்தது: இதைச் செய்ததே இப்படித்தான். பழையதில் கட்டைவிரலால் அமுக்கினால் மிதி லேசாகும். இதில் அமுக்கினால் கனக்கும். லேசாக்க ஆள்காட்டி விரலால் சுண்ட வேண்டும்.

ஆக. 6, புதன்

புழுக்கம். வேறு டெரலருக்கு இரண்டு ஊருக்கு போன். இல்லை.

சைக்கிள் பந்தயம் 17ஆம் தேதி, சிறுமலை அடிவார மண் பாதை. முதல் மூன்று பேருக்கு விளையாட்டு கோட்டாவில் போலீஸ் வேலை கேட்க சர்டிபிகேட். முத்துவுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. விட்டால் மார்க்கெட் மூடைதான், ஆயுசுக்கும். அவன் அதைப் பேசுவதே இல்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

ஆக. 10, ஞாயிறு

நாகமலை புதுக்கோட்டை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டம் முழுவதும் வந்து, ஆளாளுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். பேங்க் ராமன் சார்: "சங்கிலி மாறுனதே தெரியலப்பா, என்ன நைஸு!" சைக்கிள் கடை இஸ்மாயில் பாய் பாதி மேட்டில் நின்றுவிட்டார். "யா அல்லா, எந்த மடையன் கண்டுபிடிச்சான் இத?" நானும் இரண்டு தடவை தப்பாக அமுக்கினேன்.

பெரிய சிக்கல் எங்கள் வாய். மேடு வந்தால் "அமுக்கு மாப்ள, அமுக்கு!" என்று கத்துவது வழக்கம். இப்போது அது எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. புரோட்டா தின்னும்போதும் அமுக்கு, பஸ்ஸில் ஏறும்போதும் அமுக்கு. இன்று முதல் அந்த வார்த்தைக்குத் தடை. மேட்டில் "விடு" என்றுதான் சொல்ல வேண்டும், அதாவது ஆள்காட்டி விரலால் சுண்டு. சட்டம் போட்டவன் நான்.

ஆக. 15, வெள்ளி

கொடியேற்றம், மிட்டாய். மாலை நாகமலை. ஒரு தப்பும் இல்லாமல் முத்து ஏறி இறங்கினான். "வெரல் பழகிருச்சு மாப்ள. பல்லு தேய்க்கிறப்பகூட ஆள்காட்டி வெரல் ஆடுது." ரொம்ப நாள் கழித்து நானும் சிரித்தேன்.

ஆக. 17, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டாலும் தூக்கம் வராது.

கடைசி மேட்டு வளைவில் நின்றேன். கூட்டம், விசில், தாரை தப்பட்டை. முத்து மூன்றாவதாக வந்தான். பின்னால் கோயம்புத்தூர்ப் பையன், ஒரு வண்டி தூரம்கூட இல்லை. முத்து என்னைத் தாண்டும்போது கத்தினேன்.

"அமுக்கு மாப்ள! அமுக்கு!"

கட்டைவிரல் இறங்கியதைப் பார்த்தேன். மிதி கனத்துக் கால் நின்றது. சைக்கிள் நின்றது. சாய்ந்து விழுந்தான். அவன் எழுந்து ஏறுவதற்குள் நாலு பேர் போய்விட்டார்கள்.

வேனில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் தலை வைத்துத் தூங்கினான். தூங்கினானா, தெரியாது.

ஆக. 19, செவ்வாய்

லேசான தூறல். கடையில் சுங்குடிச் சேலைக் கட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன், முதலாளி கத்தினார்.

மாலையில் இஸ்மாயில் பாய் கடை. "சாமான் சொதப்பிருச்சாமே? முத்துப்பய எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றான். அவுங்க அப்பாகிட்டயும்." ஆமாம் பாய் என்றேன். சைக்கிள் அங்கேதான் நின்றது. தூக்கிப் பிடித்து, மிதியைச் சுற்றி, எல்லாப் பல்லுக்கும் மாற்றிப் பார்த்தேன். சத்தமில்லாமல் மாறுகிறது. ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு இருந்திருக்கக் கூடாதா.

ஆக. 21, வியாழன்

லீவு சொல்லிவிட்டுப் பரவை போனேன். முத்து தலையில் வெங்காய மூடை. பார்த்ததும், "இந்தா வாரேன், டீக்கடைல இரு."

வந்து உட்கார்ந்தான். முழங்கையில் காயம் காய்ந்திருக்கிறது. மழை, வெங்காய வரத்து, ராமன் சாருக்கு மாற்றல், எல்லாம் பேசினோம். கடைசியில் கேட்டுவிட்டேன்: நான் கத்தியது காதில் விழுந்ததா? அம்புட்டு மேளத்தில் விழுந்திருக்காது என்று நானே பதிலும் சொன்னேன்.

கிளாஸைக் கீழே வைத்தான்.

"வேற ஒண்ணுமே கேக்கல மாப்ள. மேளம், விசிலு ஒண்ணுமே கேக்கல. ஒன் சத்தம் மட்டுந்தான்."

நல்ல விதமாகத்தான் சொன்னான்.