குப்புறக் கிடப்பவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

பலகையில் ஆடும் போர் விளையாட்டுக்கான என் களத்தை எழுதி முடித்தாயிற்று. மேட்டுக்குப் பின்னால் எதிரியின் மூன்று மோர்ட்டார் பீரங்கிகள். இந்தப் பக்கம் காலாட்படை, பன்னிரண்டு அட்டைக் காய்கள். எட்டுச் சுற்றுக்குள் பாய்ந்து மூன்றையும் தகர்க்க வேண்டும். ஞாயிறன்று போர் விளையாட்டுக் கிளப்பில் ஆடிப் பார்ப்பார்கள்; பிடித்தால் கிளப்பின் ஆண்டு மலரில் என் பெயரோடு வரும். அங்கே எல்லாரும் வக்கீல், டாக்டர், முதலாளி. கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன் நான் ஒருத்தன்தான். காட்டுகிறேன் இவர்களுக்கு.

மார்ச் 5

ஒத்திகைக்கு ஆள் இல்லை. அக்காவைப் பிடித்து உட்காரவைத்தேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தவள், வீங்கின காலை ஸ்டூல்மேல் போட்டுக்கொண்டு ஆடினாள். அவள் காய் ஒன்றுக்கு அடி விழுந்தது. விதிப்படி குப்புறக் கவிழ்த்தேன்.

"செத்துட்டானா?"

"செயலிழந்துட்டான்."

"மூச்சு இருக்கா, இல்லையா?"

விதியில் அது இல்லை. இரண்டு பேரை அனுப்பி அவனைத் தூக்கி வந்துவிட்டாள்! தூக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேள்வி வேறு. ஒரு மோர்ட்டாரைக்கூட நெருங்கவில்லை. "எல்லாரும் வந்து சேர்ந்துட்டாங்கல்ல" என்று கொட்டாவி விட்டாள். லூசு.

மார்ச் 6

மறுபடியும் அதேதான். "அக்கா, இது சண்டை, உன் வார்டு இல்ல!"

"கத்தாதடா, காது கேக்குது."

மார்ச் 7

கிடங்கில் மேல் அடுக்கிலிருந்து லோடுமேன் அண்ணன் விழுந்துவிட்டார். சூப்பர்வைசர் முதலில் கேட்டது — "பெட்டி எத்தனை உடைஞ்சுது?" பத்து நிமிஷத்தில் அண்ணன் இடத்தில் வேறு ஆள். சே, மனுஷனா இவன்? நான் மட்டும் என்ன கிழித்தேன்? பெட்டி அடுக்கிக்கொண்டுதானே இருந்தேன்?

மார்ச் 8

லோடுமேன் அண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிவு. அக்காவின் வார்டில்தான் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். "வேலை இருக்குமா தம்பி?" என்றார்.

புது விதி சேர்த்தேன்: தன் ஆட்களில் குப்புறக் கிடப்பவன் ஒருத்தன் களத்தில் மிச்சமிருந்தாலும் தாக்கியவருக்கு வெற்றி இல்லை. அக்காவிடம் சொல்லவில்லை. ரொம்ப அலட்டுவாள்.

மார்ச் 9, ஞாயிறு

வக்கீல் ஆடினார். கடைசிச் சுற்றில் மூன்றாவது மோர்ட்டாரையும் தகர்த்துவிட்டு, கைகொடுக்க எழுந்தார்.

"சார், உங்க ஆளுங்க நாலு பேர் கிடக்காங்க."

"கிடக்கட்டும் தம்பி."

விதியைக் காட்டினேன். அவர் மூஞ்சி செத்துப்போயிற்று. செயலாளர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். ஆட்டம் பிரமாதமாம், அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துவிட்டால் மலரில் போட்டுவிடலாமாம்.

"எடுக்க மாட்டேன் சார்." வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 10

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெச்சுவாள் என்று பார்த்தால் —

"பேரு அச்சுல வந்திருக்குமேடா, எருமை!"

"எல்லாம் உன்னாலதான்."

"நானாடா விதி எழுதச் சொன்னேன்?" கொஞ்ச நேரம் முறைத்தாள். கண் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. "சரி, பலகையை விரி. இன்னிக்கு மோர்ட்டார் எனக்கு."

ஈவிரக்கமே இல்லை அவளுக்கு. நாலு சுற்றில் என் ஆட்கள் ஐந்து பேரைச் சாய்த்துவிட்டாள். ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் தூக்கினவன் தலையிலேயே அடுத்த குண்டு. "தூக்குடா, தூக்கு" என்று பகடையைக் குலுக்கிக்கொண்டே சிரிப்பு.

இன்னும் இரண்டு பேர் மேட்டடியில் கிடக்கிறார்கள். பலகையைக் கலைக்கவில்லை. நாளை அவள் வந்ததும் மிச்ச ஆட்டம்.