முதுகில் இருந்த பெயர்

அப்பா,

உங்கள் அலுமாரியை இன்றைக்குத்தான் திறந்தேன். பெப்ரவரியில் நீங்கள் போனதிலிருந்து அம்மா அதை யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து பிக்கரிங்கிலிருந்து ஸ்காபரோவுக்கு வருவேன். அலுமாரிப் பேச்சை எடுத்தால் அம்மா தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். இன்று அவராகவே திறப்பைக் கையில் தந்தார். நீங்கள் பஸ் ஓட்டப் போட்ட சட்டைகள் மடிப்புக் குலையாமல் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு நடுவே என் ஜேர்சி. இருபத்தேழாம் இலக்கம். ஏழின் வால் மட்டும் உருகிக் கோணிப்போயிருக்கிறது. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குப் போனார்.

முதல் ஜேர்சியைக் கொண்டுவந்து காட்டிய நாள் நினைவிருக்கிறதா? பல்கலைக்கழக அணியில் ஆடியதைப் பார்த்து ஒரு தொழில்முறை அணி என்னை எடுத்திருந்தது. பெருமையோடு விரித்துப் பிடித்தேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தீர்கள்.

“உதில ஏன் என்ர பேர் கிடக்கு? விளையாடுறது நீயல்லோ?”

நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லாத் தகப்பன்மாரையும் போல உங்கள் பெயரைப் போட்டீர்கள். இந்த நாட்டில் விளையாடுகிறவனின் முதுகில் குடும்பப் பெயரைத்தான் எழுதுவார்கள். விளக்கிச் சொன்னேன். “அப்ப இனி என்னைத்தான் விழுத்துவாங்கள் எண்டு சொல்லு” என்றீர்கள். விழுத்துகிற வேலையே என்னுடையதுதான் என்று அன்று உங்களுக்குத் தெரியாது.

பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற இந்த நாட்டு ஃபுட்போலில் சேஃப்டி என்பது என் இடம். தடுக்கிற பக்கத்தில் கடைசி ஆள். முன்னுக்கு நிற்கிற அத்தனை பேரையும் தாண்டி ஒருவன் பந்தோடு ஓடி வந்தால், அவனுக்கும் எங்கள் எல்லைக் கோட்டுக்கும் இடையில் நான் மட்டும்தான். ஒழுங்காகச் செய்தால் எவரும் கவனிக்கமாட்டார்கள். ஒருமுறை பிழைவிட்டால் அடுத்த நாள் நாடு முழுக்க அந்தக் காட்சி ஓடும். முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது ஒன்றுதான். “பந்து ஒருக்காலும் உன்ர கையில வரேல்லை. பிறகேன் உந்த ஓட்டம் ஓடினனீ?”

ஆனாலும் ஆறு பருவகாலத்திலும் நகரத்தில் நடந்த ஆட்டம் ஒன்றைக்கூட நீங்கள் தவறவிடவில்லை. அருளப்பு அங்கிளின் கடையில் மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு வருவீர்கள். பாதி எனக்கு, பாதி மார்க்கஸுக்கு. எனக்குப் பக்கத்து இடத்தில் நின்று ஆடிய மார்க்கஸ், ஆட்டம் முடிந்து குளிக்க முன்னமே உங்களைத்தான் தேடுவான்.

நான் கோட்டைவிட்ட நாட்களுக்கு மறுநாள் உங்களுக்குத்தான் வில்லங்கம். தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் உங்கள் பெயரைச் சொல்லித்தானே திட்டுவார். கடைக்குள் கால் வைத்ததும் அருளப்பு அங்கிள் தொடங்குவார்.

“என்ன அண்ணை, நேற்றுக் கடைசி நிமிசத்தில அவனை விட்டிட்டியள்?”

“என்ன செய்யிறது, கால் வழுக்கிப் போச்சு.”

சிரிக்காமல் சொல்வீர்கள். ஒருமுறை நான் பின்னால் நின்று கேட்டுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களுக்கு இல்லை.

கடைசி வருடத்து ஒக்ரோபருக்கு வருகிறேன். சனிக்கிழமை பின்னேர ஆட்டம். ஓடி வந்தவனை மறித்தபோது அவனுடைய முழங்கால் என் தலைக்கவசத்தில் இடித்தது. எழும்பி நின்றேன். கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்றேன். அந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, தலையில் அடி என்று எழுதப்பட்டவனை யார் திரும்ப எடுப்பார்கள்? வீட்டுக்குக் காரில் கூட்டிவந்தது நீங்கள். அம்மா என்ன சமைத்தவர் என்று கேட்டேனாம். மீன் குழம்பு என்றீர்களாம். கொஞ்சத் தூரம் போனதும் திரும்பக் கேட்டேனாம். வெக்ஸ்போர்ட் தாண்டும்போது மூன்றாம் தரமும் கேட்டேனாம். மூன்று தரமும் ஒரே குரலில் “மீன் குழம்பு, தம்பி” என்று சொல்லிவிட்டு, நீங்கள் ரேடியோவை நிற்பாட்டினீர்களாம். எல்லாம் நீங்கள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குசினி வெளிச்சம் கண்ணைக் குத்தியது. லைற்றை அணைக்கச் சொன்னேன். இருட்டில் இருந்து சாப்பிட்டோம்.

“நாளைக்கு டொக்ரரிட்டைச் சொல்லு.”

“ஒண்டுமில்லை அப்பா. நீங்கள் உதுக்குள்ள வராதேங்கோ.”

நீங்கள் வந்தீர்கள். திங்கட்கிழமை இரண்டு பஸ் ஓட்டத்துக்கு இடையில் கிடைத்த நேரத்தில், சாரதி உடுப்போடு, பயிற்சி மைதானத்துக்கே போய் அணி வைத்தியரின் கதவைத் தட்டினீர்கள். பெற்றோர் வந்து பேசுவதற்கு இது பள்ளிக்கூடம் இல்லை என்று வாசலில் யாரோ சொன்னார்களாம். உங்கள் ஆங்கிலத்தில் நீங்கள் சொன்ன பதிலை வைத்தியர் பிறகு எனக்குச் சொன்னார். “அவனுடைய முதுகில் இருப்பது என் பெயர். அதனால் நான் பேசலாம்.”

வைத்தியர் என்னைக் கூப்பிட்டு ஐந்து சொற்களைச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்துவிட்டு அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்கு இரண்டுதான் வந்தன. அன்றோடு என் ஆட்டம் முடிந்தது. பருவகாலம் முடிந்ததும் ஒப்பந்தமும் போனது. இருபத்தெட்டு வயதில் ஒரு பையோடு வெளியே வந்தேன்.

ஏழு மாதம் உங்களோடு நான் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நத்தார்ப் பண்டிகை அன்றைக்குக்கூடப் பேசவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று அம்மாவிடம் சொன்னேன், உங்கள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன். நீங்கள் ஒருநாளும் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லவில்லை.

அந்த ஏழாவது மாதத்தில் ஒருநாள் என் அறைக் கதவில் நின்றீர்கள். கையில் இந்த ஜேர்சி. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக, உங்கள் வேலைச் சட்டையைப் போலவே நினைத்துச் சூடான அயன் பெட்டியை அதன்மேல் வைத்திருக்கிறீர்கள்.

“நம்பர் கொஞ்சம் உருகிப் போச்சு, தம்பி. பேருக்கு ஒண்டும் நடக்கேல்லை.”

அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. இருவருமாகச் சிரித்தோம். அடுத்த நாள் வழமைபோலக் கதைத்தோம். ஆனால் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்து பல வருடம். ஒருமுறை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

போன கிழமை மார்க்கஸ் தொலைபேசி எடுத்தான். நான் விட்ட பிறகும் அவன் நாலு வருடம் ஆடினான். தலையில் வாங்கிய அடிகளை அவனும் என்னைப் போல மறைத்திருக்கிறான், அவனுக்காகக் கதவைத் தட்ட ஒருவரும் வரவில்லை. “உன் அப்பா எப்படி இருக்கிறார்? இன்னும் ரோல்ஸ் கட்டிக்கொண்டு திரிகிறாரா?” என்று கேட்டான். பெப்ரவரியில் உங்கள் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவனும் ஒருவன். நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னேன். புதிதாகக் கேட்கிறவன் போல அழுதான். பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். திரும்பவும் கேட்டான், உன் அப்பா எப்படி என்று. திரும்பவும் சொன்னேன், திரும்பவும் அழுதான். மூன்றாம் தரமும் கேட்டபோது, உங்களைப் போல அதே குரலில் அதே பதிலைச் சொல்லத்தான் நினைத்தேன். என்னால் முடியவில்லை அப்பா. சுகமாக இருக்கிறார் என்றேன். நல்ல மனிதர், கேட்டதாகச் சொல் என்றான்.

ஜேர்சி இப்போது என் மடியில் கிடக்கிறது. வீட்டுக்குக் கொண்டு போகிறேன், அயன் மட்டும் பண்ணமாட்டேன். ரோல்ஸின் சூடும், அருளப்பு அங்கிளின் நக்கலும், நீங்கள் எழுத்துக் கூட்டி வாசித்த விதமும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அந்தக் கார்ப் பயணம் ஒன்றுதான் இல்லை. அதை எனக்காக நீங்கள் ஞாபகம் வைத்திருந்தீர்கள். அன்றைக்கு நீங்கள் அந்தக் கதவைத் தட்டியிருக்காவிட்டால் இதில் எதுவும் எனக்கு மிஞ்சியிருக்காது. நீங்கள் செய்தது சரி, அப்பா. நன்றி.

மார்க்கஸ் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

உங்கள் பெயரோடு இருக்கும்,
மகன்