மீத்யாவுக்குத் தட்டிய ராகி ரொட்டி

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
5.10.97

அன்பு மகன் குணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி ரூபினி, நான் மூவரும் சுகம். நீ அந்த ரஷ்யக் குளிரில் வயிறு நிறையச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் படிக்க முனீஸ்வரர் துணையிருக்கட்டும்.

உன் கடிதம் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதுவிட்டேன். வீட்டுக்காரப் பெரியவர் ஸ்தெபான், போரில் தன்னோடு சண்டை விமானம் ஓட்டிச் செத்த சிநேகிதன் மீத்யாவின் போட்டோ முன்னால் ஒரு கிளாஸ் வோட்காவும் அதன்மேல் கறுப்பு ரொட்டியும் வைத்திருக்க, நீ சாயங்காலம் கும்பிட்டுவிட்டு ரொட்டியைத் தின்றுவிட்டாயாம். வோட்காவைக் கொட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். நம் வீட்டில் தாத்தாவுக்குப் பிராந்தியும் பீடியும் வைத்துப் படைத்து, காக்காய் எடுத்த பிறகு நாம்தானே சாப்பிடுவோம், அந்தப் பழக்கம் உனக்கு. அங்கே செத்தவர் பங்கை யாரும் தொடக்கூடாது என்று உனக்கு எப்படித் தெரியும்? அவர் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை, வேறு ரூம் பார்க்கிறேன் என்கிறாய். பார்க்காதே கண்ணு, பெரியவரை அந்த மனக்கசப்போடு விட்டுவிட்டுப் போகாதே.

அப்பா விமான ஃபேக்டரியில் இருந்தவர் ஆயிற்றே, சாப்பிடும்போது இரண்டு ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு எனக்கு விளக்கினார். சண்டை விமானங்கள் ஜோடியாகத்தான் போகுமாம், முன்னால் போகிறவர் எதிரியைப் பார்க்க, பின்னால் வருகிறவர் அவர் முதுகைக் காப்பாராம். ஜெர்மன்காரன் பெரியவரைப் பின்னாலிருந்து சுட வந்தபோது மீத்யா குறுக்கே புகுந்து அந்தக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டான் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகும் போர் முடியும்வரை பெரியவர் விமானம் ஏறியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. மீத்யா அநாதை விடுதியில் வளர்ந்த பையன், உடலும் கிடைக்கவில்லை. அவனுக்கென்று இருப்பது அந்த ஒரு கிளாஸ்தான், அதையும் நீ காலி செய்தால் அவருக்கு மனசு வேகாதா?

மகாளய அமாவாசைக்குத் தாத்தா இலைக்குப் பக்கத்தில் மீத்யாவுக்கும் ஓர் இலை போட்டேன். ரொட்டி கறுப்பாக இருக்கட்டுமென்று ராகி ரொட்டி தட்டினேன். யார் எவரென்றே தெரியாமல் இதென்ன என்று முனகிய அப்பா, தானே போய் ஒரு குவார்ட்டர் வாங்கிவந்தார், படையலுக்குத்தானாம். காக்காய் வந்து எடுத்தது. பிறகு நாங்கள் மூவரும் அவன் இலையில்தான் சாப்பிட்டோம்.

இதைப் பெரியவரிடம் போய்ச் சொல். படைத்ததைச் சாப்பிட ஆளில்லை என்றால் செத்தவனுக்கு யாருமே இல்லை என்று அர்த்தம், அதனால்தான் தின்றேன் என்று சொல். மன்னிப்பும் கேள்.

குல்லா போடாமல் வெளியே போகாதே. நீ நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அம்மா
பாகீரதி

பி.கு: மீத்யாவுக்கு என்ன பிடிக்கும் என்று பெரியவரிடம் கேட்டு எழுது. தை அமாவாசைக்குச் செய்ய வேண்டும்.